வேகமும் ஓசையும்



மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாகக் கொழும்பு செல்லும் பெருந்தெருவை ஒட்டியே எங்கள் ஊர்கள் அமைந்துள்ளன. கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் அது. பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை, கடை, வீடு யாவும் அத்தெருவோரத்திலேயே. ஆகவே, தெருவில் எழும் ஓசை எங்கள் முற்றத்தில் எழும் ஓசையேயாகும்.

றமழான் இரவுகளில், தராவீஹ் தொழுகை முடிந்தபின், சைலன்சரைக் கழற்றிய மோட்டார்ச் சைக்கிள்கள் இத்தெருவில் பந்தயம் விடுகின்றன. ஓட்டுவோருட் சிலர் என் பழைய மாணவர்கள். ஒருவரை நிறுத்தி, "ஏன் மகன் இப்படி?" என்று கேட்டேன். "சத்தமில்லாட்டி வண்டி ஓடுற மாதிரியே இல்ல சேர்" என்றார். பொய் சொல்லவில்லை; அது எனக்குப் பிடித்திருந்தது.

சைலன்சர் செய்யும் வேலை யாது? உருளையினுள் எரிந்த வாயு, வாசல் திறந்ததும் பேரழுத்தத்துடன் வெளியே பாய்கின்றது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சிறு வெடியே. சைலன்சரினுள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் உண்டு. சுவரிற் பட்டுத் திரும்பும் ஒலியலை, எதிர்வரும் அலையோடு மோதி அதனைத் தேய்க்கின்றது. வாயு செல்லும் வழி சற்றே தடைப்படுவதால் பந்தயக்காரர் அதனைக் கழற்றுகின்றனர். ஆனால், தெரு வண்டியின் என்ஜின் அத்தடையையும் கணக்கிற் கொண்டு அமைக்கப்பட்டது. குழாயை மட்டும் அறுத்தெறிந்தால் ஓசை பெருகுமேயன்றி வேகம் பெருகுமென்ற உறுதியில்லை.

நேர்கோட்டுப் பந்தயத்தின் தாயகம் அமெரிக்கா. அங்கே மிகப் பெரிய பந்தய வண்டிகளின் முழக்கம் ஏறக்குறைய 150 டெசிபல். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் வலு பத்து மடங்காகும். 85 டெசிபலை எட்டு மணிநேரம் தாங்கலாம். 100 டெசிபலாயின் கால் மணிநேரமே என்று அந்நாட்டுத் தொழிற் சுகாதார அறிஞர் வரையறுத்துள்ளனர். ஆயினும், குடிமனைகளுக்கு அண்மையிலுள்ள பல தளங்களில் அங்கேயே சைலன்சர் கட்டாயம். கனெக்டிகட் மாநிலத்தின் லைம் றொக் ஓட்டத்தளத்தில், அயலவர் தொடுத்த வழக்கினால், 1959 முதல் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் இல்லை. சைலன்சரற்ற வண்டிகள் ஓடுவதற்கான நாட்களையும் நேரங்களையும் நீதிமன்றமே வகுத்தது. பந்தயமும் அழியவில்லை, ஊரும் உறங்கிற்று.

எங்கள் நாட்டிலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் உண்டு. அதன்கீழ்ப் பொலிசார் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் நான் அம்மாணவரிடம் பேசியது வேறொன்றைப்பற்றி. 2007இல் வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென உயர் நீதிமன்றம் பணித்தது. அது எங்களிற் பலருக்கு மனத்தாங்கலை அளித்தது, எனக்கும்தான். "பாங்கோசைக்கே அளவு கேட்ட நாட்டில், உமது குழாய்க்கு அளவு வேண்டாமா?" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை.

சைலன்சரை அவர் இன்னும் மாற்றவில்லை. ஆனால், சாதாரண தரப் பரீட்சை நடந்த நாட்களில், பாடசாலை மதில் தொடங்குமிடத்தில் என்ஜினை அணைத்துவிட்டு, மறுமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை நான் வாசலில் நின்று கண்டேன்.