எந்த ஃபியூஸைப் பிடுங்குவது?



வாந்தி மருந்துகளைப் பற்றிய கருத்தரங்கு விருத்தாசலத்தில் கூடுவது பொருத்தமே. இந்த ஊர்ப் பீங்கான் சூளைகளில் பொம்மை, அகல்விளக்குகளோடு ஃபியூஸ் கேரியரும் வேகிறது. மீட்டர் பெட்டியில் ஒன்றைப் பிடுங்கினால் அந்த லைன் மட்டும்தான் அடங்கும். அடுத்த லைனில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். வாந்தி மாத்திரைகளும் அப்படித்தான்.

வாந்தியை நடத்தும் நரம்பு வலை முகுளத்தில் இருக்கிறது. அதற்குப் பல லைன்கள். குடல் புண்பட்டால் அங்குள்ள செல்கள் செரடோனினைக் கொட்டும். வேகஸ் நரம்பு சேதியை மேலே கொண்டுபோகும். இரத்தத்தில் நஞ்சு கலந்தால், மூளையைக் காக்கும் தடுப்பு தளர்ந்திருக்கும் ஓர் இடத்தில் டோபமைன் ஏற்பிகள் விழித்துக்கொள்ளும். உட்காதின் லைனில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் ஓடுகின்றன.

எலுமிச்சம்பழத்தை மோந்தபடி பஸ் ஏறுகிறவர்களை இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் பார்க்கலாம். அவர்களுக்கு வேண்டியது காதின் லைனை அடைக்கும் புரோமெத்தசின் போன்ற மாத்திரை. அதுவும் வண்டி கிளம்புவதற்கு முன்பே. கடைகளில் சட்டென்று எடுத்து நீட்டப்படும் ஆன்டன்செட்ரான் குடல் லைனுக்கானது. பஸ் பிரட்டலுக்கு அது பெரிதாக உதவாது.

அதே ஆன்டன்செட்ரான்தான் புற்றுநோய் வார்டின் நிலையை மாற்றியது. சிஸ்பிளாட்டின் மருந்து ஏற்றிய நோயாளி வாந்தி தாங்காமல் அடுத்த தவணைக்கு வர மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1991-இல் அமெரிக்காவில் ஆன்டன்செட்ரானுக்கு அனுமதி கிடைத்தது. முதல் நாள் வாந்தி வெகுவாகக் கட்டுப்பட்டது. ஆனால் இரண்டாம், மூன்றாம் நாள் வாந்தி அடங்கவில்லை. அங்கே ஓடியது வேறு லைன்: சப்ஸ்டன்ஸ் பி. அதை அடைக்கும் அப்ரெபிட்டன்ட் 2003-இல்தான் வந்தது.

மனநோய்க்கென வந்த ஒலான்சபின் பல ஏற்பிகளை ஒருசேர அடைப்பதால் இன்று இந்த வாந்திக்கும் தரப்படுகிறது. வழக்கமான 10 மில்லிகிராமில் நோயாளி பகலெல்லாம் தூங்கி வழிவார். 2.5 மில்லிகிராமே போதும், தூக்கக் கலக்கமும் குறைவு என்று மும்பை டாட்டா நினைவு மையத்தினர் 2024-இல் லான்செட் ஆன்காலஜியில் காட்டினார்கள். மலிவு மாத்திரையை இன்னும் குறைத்துக் கொடுக்கலாம் என்ற இந்தச் செய்தி ஏழை நோயாளிக்கு மிகப் பெரியது.

லைனைக் கண்டுபிடிக்க நோயாளியின் பேச்சே முதல் கருவி. தமிழில் குமட்டல் வேறு, ஓங்கரிப்பு வேறு, எதுக்களிப்பு வேறு, வாந்தி வேறு. பால் எதுக்களிக்கும் பச்சைக் குழந்தைக்கு வாந்தி மருந்து எதற்கு? மெட்டோகுளோபிரமைடு கொடுத்ததும் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகிய பிள்ளையை ஒருமுறை பார்த்த மருத்துவர் அந்தக் கேள்வியை மறக்கமாட்டார். ஆனால் நம் கேஸ் ஷீட்டில் நான்கும் ‘வாந்தி’ என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. மசக்கையும் அதில்தான் சேர்கிறது. மசக்கைக்கோ டாக்சிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை என்று தனி வழி இருக்கிறது.

இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். சீட்டில் மாத்திரையின் பெயரோடு எதனால் வந்த வாந்தி என்பதையும் எழுதுங்கள். மருந்துக்கடைக்காரர்களே, தலையில் அடிபட்ட பின் வாந்தி எடுப்பவரையும், பச்சையாகவோ இரத்தமாகவோ எடுப்பவரையும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.