கித்தாருக்கு ஓர் உறை



விடியற்காலையில் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் முதுகைக் கவனித்திருக்கிறீர்களா? சாப்பாட்டுப் பை இருக்கும், மழைச்சட்டை இருக்கும். எப்போதாவது ஒரு மோட்டார் சைக்கிளில், ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு கித்தாரும் போகும். வேலை முடிந்த பிறகு அவருக்கு எங்கேயோ ஒரு கச்சேரியோ, தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சியோ, நண்பர் வீட்டுத் திருமண விருந்தோ இருக்கும். 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடக்க ஆகும் நேரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கித்தார் நம் மாநிலத்திற்குப் புதியதன்று. ஜொகூரின் கஸல் இசைக் குழுவில் ஆர்மோனியம், தபேலா, கம்பூஸ், வயலின் ஆகியவற்றோடு கித்தாரும் அமர்ந்திருக்கும். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கித்தாரைப் பற்றியன்று. அதைப் போர்த்தியிருக்கும் உறையைப் பற்றி.

இதற்கெல்லாம் ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் தங்கை மகன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஓராண்டுக் காலம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு நல்ல கித்தார் வாங்கினான். கடையில் இனாமாகக் கொடுத்த மெல்லிய துணி உறையிலேயே அதை நான்கு மாதம் சுமந்தான். ஒருநாள் பேருந்துக்குக் காத்திருந்தபோது உறையோடு சுவரில் சாய்த்து வைத்தான். அது சறுக்கி மல்லாந்து விழுந்தது. பெரிய ஓசைகூட இல்லை. "ஒன்றும் ஆகியிருக்காது மாமா" என்று சொல்லிக்கொண்டே ஜிப்பைத் திறந்தான். உடல் பளபளவென்று அப்படியே இருந்தது. தலை மட்டும் கழுத்திலிருந்து முறிந்து, தந்திகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏன் அந்த இடம்? தந்திகளை முறுக்கும் ஆணிகள் பொருத்திய தலைப்பகுதி, பல கித்தார்களில் கழுத்தோடு நேர்கோட்டில் இராது. சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கித்தார் மல்லாந்து விழுந்தால் தலைதான் தரையில் மோதும். கழுத்தும் தலையும் சேரும் இடமோ மிகவும் மெலிந்தது. அங்கே மரத்தின் நரம்புகளும் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கின்றன. போதாக்குறைக்கு, ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையோடு அந்தத் தலையை முன்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. வளர்ந்த ஓர் ஆளின் எடை அது. இந்த நிலையில் ஒரு சிறு தட்டும் பெரிய அடியாகிவிடுகிறது.

ஆகவே உறை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெளித்துணியையோ, அதன் மேலுள்ள எழுத்துகளையோ அல்ல. ஜிப்பை முழுவதும் திறந்து, கழுத்து படியும் இடத்தில் ஒரு தலையணை இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல உறைகளில் கெட்டியான நுரைக்கட்டை ஒன்று கழுத்தைத் தாங்கி நிற்கும். தலைப்பகுதி உறையின் முதுகைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும். அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. அப்படிப்பட்ட உறைக்குப் பணம் போதவில்லையென்றால் ஒரு பழைய கைத்துண்டை இறுகச் சுருட்டிக் கழுத்தின் கீழ், தலைக்குச் சற்று முன்னால் வையுங்கள். பார்க்க அழகாக இராது. ஆனால் வேலை செய்யும்.

அடுத்தது அளவு. கடைகளில் "41 அங்குலம்" என்று சொல்வது பெரிய உடல் கொண்ட எஃகுத் தந்திக் கித்தார். அதன் அகன்ற பகுதி பதினைந்தரை அங்குலத்துக்குச் சற்று மேல். கனம் ஏறத்தாழ ஐந்து அங்குலம். நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கித்தார் இதைவிட நீளத்திலும் அகலத்திலும் குறைந்தது. பெரியதன் உறையில் சிறியதைப் போட்டால் உள்ளே அது ஆடும். தடித்த உறைக்குள் ஆடுகிற கித்தாரைவிட, மெல்லிய உறைக்குள் ஆடாமல் இருக்கும் கித்தாரே மேல் என்பது என் எண்ணம். எனவே கடைக்குக் கித்தாரையே எடுத்துச் செல்லுங்கள். உள்ளே வைத்து மூடி, இரு கைகளாலும் பிடித்து மெல்ல அசையுங்கள். கொட்டுகிற ஓசை கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

மெத்தையின் தடிப்பு மலிவான உறைகளில் 5 மில்லிமீட்டர் இருக்கும். நல்லவற்றில் 20-க்கு மேலும் போகும். தடிப்பை மட்டும் நம்பாதீர்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் இருபுறமும் வைத்து அழுத்திப் பாருங்கள். ஒரு விரல் மற்றதைத் தொட்டுவிட்டதுபோல் தோன்றினால் அது குளியல் ஸ்பாஞ்சு போன்ற பொருள். அடி விழும்போதும் அப்படித்தான் அமுங்கிவிடும். அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் கெட்டி நுரைதான் வேண்டும். அத்தகைய நுரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சாது. ஸ்பாஞ்சு நனைந்தால் நம் ஊரில் காய நாளாகும்.

மழையைப் பற்றி ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்வானேன்! மெர்சிங் பக்கம் நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. ஜொகூர் பாருவிலோ, சுமத்ரா என்று நாம் அழைக்கும் சூறைக்காற்று மழை, பெரும்பாலும் விடியற்காலையில், வேலைக்குப் புறப்படும் வேளை பார்த்துத்தான் வந்து சேரும். உறையின் துணி தண்ணீர் ஏற்காது என்று எழுதியிருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தண்ணீர் துணி வழியாக வருவதில்லை. தையல் துளை வழியாகவும் ஜிப்பின் பற்கள் வழியாகவும் வருகிறது. ஜிப்பின் மேல் மடிப்புத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இதற்கு மேலும் ஒரு பிளாஸ்டிக் மேலுறை வைத்துக்கொள்வது நல்லது.

இனி எடை. கித்தார் ஏறத்தாழ 2 கிலோதான். நல்ல மெத்தை உறை ஒன்றரையிலிருந்து இரண்டரை கிலோ. கெட்டிப் பெட்டியோ நான்கு, ஐந்து கிலோ. ஒரு கையில் தூக்க வேண்டும். பேருந்திலும் குடிநுழைவு வரிசையிலும் நிற்கிறவருக்கு அந்த வேறுபாடு தெரியும். ஆனால் விமானத்தில் சரக்கோடு சரக்காக அனுப்புவதானால் மெத்தை உறையை நம்பாதீர்கள். அங்கே பெட்டிதான் வேண்டும்.

தோள்வார் இரண்டு இருக்கட்டும். வார் உறையோடு சேரும் இடத்தில் சதுரத்திற்குள் பெருக்கல் குறி போட்டதுபோல் தைத்திருந்தால் தாங்கும். ஒற்றைத் தையலாக இருந்தால் தெருத் தையற்காரரிடம் கொடுத்து மறுதையல் போட்டுக்கொள்ளுங்கள். முதுகில் கித்தார் இருக்கும்போது தாழ்ந்த வாசலில் இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள். நீங்கள் தப்பிவிடுவீர்கள், கித்தாரின் தலை நிலைப்படியில் மோதும். முழங்காலை மடித்துத் தாழ்ந்து செல்ல வேண்டும்.

எந்த உறையாலும் தடுக்க முடியாதது சூடு. வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 பாகை வரை சூடு ஏறக்கூடும். கறுப்பு உறை அந்தச் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். பலகைகளை ஒட்டியிருக்கும் பசை இளகி, வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்வார்களே, அந்தத் தந்தி தாங்கி மெல்லப் பெயர்ந்து எழும். பத்து நிமிட வேலைதானே என்று காரில் விட்டுச் செல்லாதீர்கள்.

வீடு வந்ததும், மழையில் நனைந்திருந்தால், கித்தாரை வெளியே எடுத்துத் துடையுங்கள். உறையைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழ் தொங்கவிடுங்கள். கித்தாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு என்பார்கள். நம் காற்றில் அது பெரும்பாலும் 80-ஐத் தாண்டியே இருக்கிறது. ஈர உறைக்குள் பூட்டி வைத்தால் தந்தி துருப்பிடிக்கும், மரம் உப்பும், உள்ளே பூசணம் பூக்கும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களை உள்ளே போடுகிறவர்கள் உண்டு. ஈரம் குடித்து நிறைந்த பிறகு அவை வெறும் பொட்டலங்கள்தாம். புதியவை மாற்ற வேண்டும்.

தங்கை மகனின் கித்தார் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முறிவு நீளவாக்கில் இருந்ததால் பசை பிடித்துக்கொண்டது. கழுத்தின் பின்னால் தடவினால் ஒரு கோடு தட்டுப்படும், நாதத்தில் குறையில்லை. புது உறை வாங்கிவிட்டான். அந்த இனாம் உறையில் என் தங்கை குடைகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.