ஆடித் தபசுக்கு முதல் தடவை வர்றவங்களுக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்சவள். சங்கரன்கோவிலுக்கு முதல் தடவை வர்றவங்களுக்கு நாம என்ன சொல்லணும்னு பேசச் சொன்னாங்க.

கோயிலைப் பத்திச் சொல்ல ஆள் நிறைய இருக்கு. சிவனையும் பெருமாளையும் ஒண்ணாப் பார்க்கணும்னு கோமதி அம்மன் தவம் இருந்த கதையை நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். தண்ணி எங்கே குடிக்கிறது, ஒதுங்க எங்கே போறது, இதைத்தான் யாரும் சொல்றதில்லை.

போன தபசுக்கு எங்க வீட்டுக்காரரோட சித்தி மகள் மலேசியாவில் இருந்து வந்தாங்க. அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க, இந்தியாவுக்கே அதுதான் முதல் தடவை. திருச்சியில் விமானம் இறங்கி, பொதிகை ரயில் ஏறி விடியக்காலையில் வந்து சேர்ந்தாங்க. நான் வீட்டில் சமையல். அவங்க சொந்தக்காரங்களோட காலையிலேயே ரத வீதிக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கலை, மோர் கொடுத்ததையும் வேண்டாம்னுட்டாங்க. ராத்திரி நீர்க்கடுப்பு வந்து அழுதாங்க. கேட்டா, "அவ்வளவு கூட்டத்துல எங்கே போறதுன்னு தெரியலை மதினி, கேட்க வெட்கமா இருந்துச்சு"ங்கிறாங்க. மலேசியா என்ன, பக்கத்துல வாசுதேவநல்லூர்ல இருந்து வர்ற பொம்பளைகளும் இதைத்தான் செய்றாங்க.

அதனால வர்றவங்க போன் பண்ணும்போதே, நம்ம வீடு எந்தத் தெரு, எப்ப வேணாலும் வந்துட்டுப் போகலாம்னு நாமளே சொல்லிடணும். அவங்க கேட்கட்டும்னு இருந்தா கேட்கவே மாட்டாங்க.

காட்சி நேரத்துல சம்சாரிங்க காட்டுல விளைஞ்ச பருத்தி, வத்தல் எல்லாம் சூறை விடுவாங்க. தெரியாதவங்க திடீர்னு தலையில வத்தல் விழுந்தா மிரண்டுருவாங்க. முந்தானையால முகத்தை மூடிக்கச் சொல்லுங்க, கண்ணுல பட்டா எரியும். சாயங்காலம் சங்கரநாராயணராக் காட்சி முடிஞ்சதும் பாதிப் பேர் கிளம்பிடறாங்க. ராத்திரி சங்கரலிங்கமா இன்னொரு காட்சி இருக்கு.

கழுத்துச் செயினை ஜாக்கெட்டோட ஊக்கு போட்டுக்கணும். பிள்ளைங்க பையில போன் நம்பர் எழுதி வைக்கணும். பூக்கடையில வெளிநாட்டு கார்டு செல்லாது, பத்து இருபதா சில்லறை வேணும்.

அன்னைக்கு பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்னுரும், திரும்பிப் போற பஸ் எங்கே நிற்குதுன்னு இறங்கும்போதே கேட்டு வச்சுக்கணும். 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் கிடையாது, ஆனா எல்லா பஸ்லயும் இல்லை. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுட்டா நடுவழியில சங்கடம் வராது.

புற்றுமண் வாங்காம யாரும் போக மாட்டாங்க. நானும் பூசுறவதான். ஆனா பாம்பு கடிச்சா அதைப் பூசிட்டு வீட்டுல உட்காரக்கூடாது, முதல்ல 108-க்குப் போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இதையும் சேர்த்தே சொல்லி மண்ணைக் கொடுத்தனுப்புங்க.

இந்த வருஷம் ரத வீதிப் பக்கம் வீடு இருக்கிற எங்க குழுக்காரங்க நாலு பேர், தபசு அன்னைக்கு வெளியூர்ப் பொம்பளைகளுக்குப் பாத்ரூமைத் திறந்து விடுறோம், வாசல்ல ஒரு குடம் தண்ணியும் வைக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. நாலு வீடு எந்த மூலைக்கு? மத்த குழுக்களும் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பேரைச் சொல்லிடுங்க, நோட்டு என் கையிலதான் இருக்கு.