முதியோர் இல்லங்களும் கண் பாதுகாப்பும்

(கடலாடியில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



முதியோர் இல்லங்களில் வசிப்போரின் கண் பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். கல்வி நிதியையும் கலியாண மண்டபத்தையும் பற்றி ஆலோசிக்கக் கூடிய சபையில் இஃது ஒரு சிறு விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். சிறிதன்று என்பதை எடுத்துக் காட்டுவதே என் நோக்கம்.

நமது பகுதியின் நிலையை நீங்கள் அறிவீர்கள். கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வானம் பார்த்த பூமியும், பனையும், உப்பளமும், கடலுமே ஜீவனம். அவை போதாமையால் நம் இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். ஊரில் எஞ்சியிருப்போர் முதியோர். அவர்களுள் துணையற்றோர் சிலர் இல்லங்களிற் சேர்கின்றனர். பெற்றோரை இல்லத்தில் விடுதல் தகுமா என்னும் வாதத்தை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. விட்டோரிற் பலர் வேறு வழியின்றியே விட்டனர். விட்ட பின்னர் நமது கடமை முடிந்துவிட்டதா என்பதே என் கேள்வி.

இவ்விஷயத்தில் ஹைதராபாத் நகரிலுள்ள எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் ஓர் அரிய ஆராய்ச்சி செய்திருக்கின்றனர். அந்நகரத்து 41 முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கண்களை அவர்கள் சோதித்தனர். 100 பேரில் 30 பேருக்குப் பார்வைக் குறைவு இருந்தது. அக்குறைவின் காரணங்களை நோக்கினால், ஏறத்தாழப் பாதி கண்புரை. கால் பங்குக்குச் சற்று அதிகம், தக்க மூக்குக் கண்ணாடி இல்லாமை. மற்றும் ஒரு பகுதி, முன்னர்ப் புரை நீக்கிய கண்ணில் பின்னர்ப் படர்ந்த படலம். புரைக்குச் சஸ்திர சிகிச்சை உண்டு. கண்ணாடியைக் கடையிலே செய்துகொள்ளலாம். படலத்தை லேசர் ஒளியால் சில நிமிஷங்களில் நீக்கிவிடலாம். ஆகவே, அங்கே பார்வை குன்றியவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் பரிகாரம் இருந்தது. பரிகாரத்தினிடம் அழைத்துச் செல்வார்தாம் இல்லை. அன்பர்களே, இதனை விதி என்று எவ்வாறு கூறுவது?

கண் மங்கினால் வருந்துன்பம் கண்ணோடு நிற்பதில்லை. படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் பின்னர்ப் படுக்கையை விட்டு எழுவது அரிது. மாத்திரையின் பெயர் தெரியாமையால் மருந்து மாறுகிறது. பத்திரிகை வாசித்தலும் பக்கத்திலிருப்போர் முகம் அறிதலும் இல்லாதபோது மனம் சோர்ந்து விடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் கைப்பேசியில் முகங்காட்டிப் பேசுகிறான். தாய் குரலை மட்டும் கேட்டுத் தலையசைக்கிறாள். அவன் பணம் அனுப்புகிறான். அவளுக்கு வேண்டியிருப்பது அவன் முகம்.

நம்மவரிடையே உள்ள சில தவறான எண்ணங்களையும் இங்கே கூறிவிடுகிறேன். புரை நன்றாக முற்றிய பிறகே எடுக்கவேண்டும் என்பது பழைய காலத்து வார்த்தை. இப்போது புரையை நீக்கிச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்துவதால், அன்றாடக் காரியத்துக்கு இடையூறு ஏற்பட்டவுடனே செய்துகொள்ளலாம். மிகவும் முற்றவிடுதலே தீங்கு. பார்வைக் குறைவு யாவும் வெள்ளெழுத்து என்று நினைப்பது மற்றொரு பிழை. கண்ணுக்குள் நீர் அழுத்தம் மிகும் நோய் வலியின்றியே பார்வையைத் தின்றுவிடும். போன பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்க நாள்தோறும் சொட்டு மருந்து விடவேண்டும். சர்க்கரை நோயுள்ளோர், பார்வை நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது அவசியம். கண் சிவந்தால் கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுவது பெருங்கேடு. அவற்றிற் சில மேற்கூறிய நீர் அழுத்தத்தையே உண்டாக்கும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழியை நாம் அறியாதவர்களல்லோம்.

பரிகாரம் தூர தேசத்தில் இல்லை. பரமக்குடி வழியே சென்றால் மதுரை. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னரும் கத்தி பிடிக்கப் பழகிக் கண் வைத்தியரானார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் தம் 58-ஆம் வயதில், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992 முதல் அந்நிறுவனத்தார் ஆரோலேப் என்னும் தொழிற்சாலையில் வில்லைகளைத் தாமே செய்யலாயினர். விலை வெகுவாகக் குறைந்தது. ஆனால் நாம் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது வேறு. ஏழைகள் வாசலுக்கு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கிராமந்தோறும் முகாம் நடத்தி, புரை கண்டவர்களைத் தம் பேருந்திலேயே ஏற்றிச் சென்று, உணவளித்து, சிகிச்சை செய்து, ஊரிலே கொண்டுவந்து சேர்த்தனர். இலவசம் என்று பலகை எழுதுவதனால் மட்டும் நோயாளி வந்துவிடமாட்டார் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பைக் குறித்த 2007-ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்க மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டுமென்கிறது. ஆயினும் வரிசையில் உடன் நிற்பதற்கு ஓர் ஆளைச் சட்டம் அனுப்புமோ? அது சுற்றத்தார் செய்யவேண்டிய காரியம். அதற்காகவன்றோ சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம்!

ஆதலால் இச்சபையாரை நான் விண்ணப்பித்துக் கொள்வன இவை. முதலாவது, நம்மவர் எவ்வெவ்வில்லங்களில் இருக்கின்றனர் என்று ஒரு ஜாபிதா தயாரிக்கவேண்டும். கிராமத்து வீடுகளில் தனித்திருப்போரையும் அதிற் சேர்க்கவேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை அவ்வில்லங்களில் கண் சோதனை நடக்க ஏற்பாடு செய்யவேண்டும்; அங்கே நம்மவரைப் போலவே பிற சமூகத்தாரையும் சோதிக்கவேண்டும், ஒரே கூடத்தில் படுத்திருப்போரில் ஒருவர் கண்ணை மட்டும் பார்ப்பது தர்மமாகாது. மூன்றாவது, சிகிச்சைக்குச் செல்லும் ஒவ்வொருவருடனும் ஓர் இளைஞர் செல்லவேண்டும். சிகிச்சையன்று மட்டுமன்றி, மறு சோதனைக்கும் செல்லவேண்டும். நான்காவது, சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுவதற்கு இல்லத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, கண்ணாடிக் கூட்டின்மேல் உரியவர் பெயரை எழுதிவைக்கவேண்டும். பெயரில்லாக் கண்ணாடிகள் கை மாறிப்போவது இல்லங்களிற் சாதாரணம்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகுதியன்று; வைபவங்களில் பந்தலுக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கு போதும். வேண்டுவது ஆள், ஒரு நாள் வேலையை விட்டு உடன் வரும் ஆள்.

வெயிலிலும் உப்பின் வெண்மையிலும் பனை உச்சியிலும் கண் கூச உழைத்து நம்மைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் பார்வை வெயிலுக்குப் போயிற்று. நம் படிப்பு அதனால் வந்தது. இத்தீர்மானத்தை இன்றே நிறைவேற்றி, ஜாபிதா எழுதும் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் இச்சபையிலேயே ஒப்புவிக்குமாறு வேண்டி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.