ஆஷ்வெல் கோயிற் சுவர்

இங்கிலாந்து நாட்டுக் கோயில்களைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக வெஸ்ட்மின்ஸ்டர், கான்டர்பரி போன்ற பேராலயங்களையே எடுத்துக்கொள்வர். மன்னர்கள் முடிசூடிய இடமும், பேராயர் ஒருவர் வெட்டுண்டு வீழ்ந்த இடமும் நம் கருத்தைக் கவர்வது இயல்பே. ஆனால், அந்நாட்டு மக்கள் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றதும், மணம் முடித்ததும், இறந்தபின் அடக்கமானதும் தத்தம் ஊர்ப் பங்குக் கோயில்களிலேயாகும். அவ்வாறான கோயில் ஒன்றின் சுவரை இன்று நாம் சற்று நின்று படிப்போம்.

இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தின் எல்லையோரமாக ஆஷ்வெல் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆஷ் மரங்கள் சூழ்ந்த சுனை என்பது அப்பெயரின் பொருள். அச்சுனைநீர் ரீ என்னும் சிற்றாறாகிப் பின்பு கேம்பிரிட்ஜ் வழியே ஓடும் கேம் ஆற்றிற் கலக்கிறது. இன்று சிற்றூராயினும், 1086-ல் எழுதப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டில் இது சந்தையுடன் கூடிய நகரமாகக் குறிக்கப்பட்டுள்ளது. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்கு உரிமையாய் இருந்த ஊர் இது. இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெரிய கோயில் ஏன் என்று வியப்பவர்க்கு இதிலேயே ஒரு பகுதி விடை கிடைத்துவிடும்.

தூய மரியாளின் பெயரால் அமைந்த இக்கோயில் பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேற்கு வாயிலின் மீது எழுந்த கோபுரம், உச்சியிலுள்ள ஈயத் தகடு வேய்ந்த கூர்முனையோடு, ஏறத்தாழ 176 அடி உயரமுடையது. அதனைக் கட்டிய கல் அப்பகுதியிலேயே வெட்டியெடுத்த கிளஞ்ச் என்னும் சுண்ணக்கல். கத்தி முனையால் கீறினாலே கோடு விழும், அத்துணை மென்மையானது. வெளியே மழையும் உறைபனியும் அதனை அரித்து உதிர்த்துக்கொண்டே இருப்பதால், கோபுரத்தைப் பழுதுபார்க்கும் வேலைக்கு முடிவே இருந்ததில்லை. கட்டடத்துக்கு ஆகாத அந்த மென்மைதான் உள்ளே எழுதுவோருக்குப் பலகையாயிற்று.

எழுதியும் தள்ளியிருக்கிறார்கள்! திருச்சபையின் உயர் அதிகாரி ஒருவரைக் கழுதை என்று ஏசும் வரி ஒன்று உண்டு. மூலைக் கற்களின் பொருத்து சரியில்லை என்று சினந்து, அதன்மேல் காறியுமிழ்வதாக ஒருவன் இலத்தீன் மொழியில் கீறி வைத்திருக்கிறான். கட்டடத் தொழிலின் நுட்பம் அறிந்தவனாகவே அவன் இருந்திருக்க வேண்டும். ஆறு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவன் கோபம் ஆறவில்லை, சுவரும் விழவில்லை.

கோபுரத்தின் உட்புறம் வடக்குச் சுவருக்கு வரும்போது நகைப்பு அடங்கிவிடுகிறது. ஆயிரம், மூன்று நூறுகள், ஐந்து பத்துகள் என்று செய்யுள் நடையில் எண்ணிச் சொல்லும் இலத்தீன் வரி அங்கே கீறப்பட்டிருக்கிறது. கூட்டினால் 1350. இரங்கத்தக்க, கொடிய, வன்மை மிக்க ஆண்டு என்று அடைமொழிகள் அடுக்கப்படுகின்றன. மக்களுள் கடையரே சாட்சி சொல்ல எஞ்சினர் என்ற கருத்து அடுத்து வருகிறது.

நடந்தது இதுதான். 1348-ஆம் ஆண்டுக் கோடையில், டார்செட் கரையிலுள்ள மெல்கோம் துறைமுகத்தின் வழியே கொள்ளை நோய் இங்கிலாந்தில் நுழைந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் பரவியது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், ஒருவேளை பாதிப்பேர், மடிந்தனர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். இச்சுவரில் அத்தகைய கணக்கு இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. இலத்தீன் அறிந்தவராகையால் குருவோ மடத்தைச் சார்ந்தவரோ ஆகலாம். உயிர் தப்பியதற்காக அவர் மகிழவில்லை என்பதை மட்டும் சொற்கள் காட்டுகின்றன. எஞ்சிய கடையருள் தம்மையும் ஒருவராக வைத்தே அவர் எழுதினார் என்று நான் கொள்கிறேன்.

அதன் தொடர்ச்சி 1361-ஆம் ஆண்டைச் சொல்கிறது. அவ்வாண்டில் நோய் மீண்டும் தோன்றிச் சிறுவரை மிகுதியாக வாரிக்கொண்டுபோயிற்று. ஆயின், இவ்வரி கூறுவது தூய மௌருஸ் திருநாளில் உலகெங்கும் முழங்கிய பெருங்காற்றை. அத்திருநாள் சனவரி 15. அக்காலத்தில் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தமையால், நம் கணக்கில் அது 1362. அப்புயலிலேதான் நாரிச் பேராலயத்தின் கூர்ங்கோபுரமும் சரிந்தது. இத்தனைக்கும் ஆஷ்வெல்லில் கட்டட வேலை கைவிடப்படவில்லை. தப்பிப் பிழைத்தவர்களும் அவர்தம் மக்களும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் கோயிலைப் பெரும்பாலும் கட்டி நிறைவேற்றினர்.

அதே சுவரில் ஒரு பெரிய கோயிலின் உருவமும் கீறப்பட்டுள்ளது. இலண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயம் அது என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பேராலயத்தின் கூர்ங்கோபுரம் 1561-ல் இடி விழுந்து எரிந்தது. கட்டடமோ 1666-ன் பெருந்தீயில் அழிந்தது.

என்றேனும் அங்கே செல்லும் வாய்ப்புப் பெறுவோர் கைவிளக்கு ஒன்றை மறவாது கொண்டுசெல்க. நேராக ஒளி வீசினால் கீறல்கள் கண்ணிற் படா. சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழ, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.