மழையில் நனையாத பை



மயிலாப்பூர் குளக்கரைப் பக்கம் நம்ம குழு இட்லிக்கடை போடுவது உங்களுக்குத் தெரியும். ராத்திரி மிச்ச இட்லியை அங்கே படுத்திருக்கும் பெரியவர் ஒருத்தருக்குக் கொடுப்போம். பெரிய உதவி செஞ்சிட்டோம்னு நினைப்பு வேற!

ஒருநாள் கனமழை. தான் நனைஞ்சு, ஒரு பையை மட்டும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னார். உள்ளே ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம். ஒன்பது வருஷ சேவை.

சிப்பாய்க்கு ஓய்வூதியம் வர 15 ஆண்டு சேவை வேண்டும். அதனால் அவருக்கு இல்லை. ஆனால் ஓய்வூதியம் இல்லாமல், 65 வயது தாண்டி, ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களுக்கு வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 8,000. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கேட்கணும்.

அதுக்கு ஆதார், பேங்க் கணக்கு வேணும். விலாசம்? குளத்துப் படிதான்! மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்துக்குக் கூப்பிட்டோம். "நான் பிச்சைக்காரன் இல்லம்மா"ன்னு கோபப்பட்டார். அவர் சொன்னது நியாயம்தான். "பேரக்ஸ் மாதிரின்னு நெனச்சுக்கோங்க தாத்தா" என்றதும் சிரிச்சிட்டார். காப்பகத்தில் கொடுத்த சான்றிதழை வெச்சு ஆதார் வாங்கினோம். மனு போட்டாச்சு. இப்ப காலையில் நம்ம கடையில் கணக்கு எழுதறார், கூலி வாங்கறார். இட்லிக்குக் காசு வாங்கலைன்னா சண்டை!

அந்த உதவி விதவைகளுக்கும் உண்டு. உங்க குழுவில் இறந்துபோன சிப்பாயோட மனைவி இருந்தா, பரணில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கான்னு இன்னைக்கே தேடச் சொல்லுங்க.