வேகத்தை எதை வைத்து நிறுப்பது?

நிரல்மொழியின் வேகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சுவா தோட்டத்துப் பிள்ளை, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பால் கொட்டாயில் வாளியை நிறுத்தவுடன் கணக்கு முடிந்துவிடாது. கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கிப் பார்ப்பார். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர்; மற்றது பெரும்பாலும் தண்ணீர். மழைத் தண்ணீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது.

கணினி உலகிலும் இது நடந்திருக்கிறது. பைத்தான் மொழியில் நாம் எழுதும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும் மென்பொருளை 'இண்டர்பிரட்டர்' என்பார்கள். 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, முந்திய 3.10-ஐவிடச் சராசரியாக 1.25 மடங்கு வேகம். சராசரி என்பதைக் கவனியுங்கள். 10 விழுக்காடு கூடிய நிரலும் உண்டு, 60 கூடியதும் உண்டு. உங்கள் நிரல் எந்த வகையோ!

2025 பிப்ரவரியில் இன்னொரு மாற்றம் சேர்ந்தது. 9 முதல் 15 விழுக்காடு வேகம் என்றார்கள். மறு மாதமே நெல்சன் எல்ஹேஜ் என்ற பொறியாளர் துருவிப் பார்த்தார். புதியது வேகமாக ஓடியது உண்மைதான். ஆனால் ஒப்பிட்ட பழையது தளர்ந்து போயிருந்தது. இண்டர்பிரட்டரைக் கட்டித்தரும் 'கிளாங் 19' தொகுப்பியில் ஒரு குறை. பழைய முறையில் எழுதியதை அது மெதுவாக்கிவிட்டது. இரண்டையும் ஒரே தொகுப்பியில் கட்டியதுதான் நியாயமான ஒப்பீடு என்று நாமும் நினைத்திருப்போம், இல்லையா? 'கிளாங் 18' கட்டிய பழையதோடு நிறுத்தால், ஆதாயம் 1 முதல் 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டது.

மாற்றத்தை எழுதிய கென் ஜின் மறைக்கவில்லை; வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். பைத்தான் குறிப்பிலும் எண்ணை 3 முதல் 5 என்று திருத்தினார்கள். 15 என்றே விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கு அந்தத் திருத்தம் 15 விழுக்காட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை "என் நிரல் வேகமாகிவிட்டது" என்று ஓடி வந்தால் கணினி தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். ஒரு தடவை ஓட்டினாயா, இருபது தடவையா? அப்போது பின்னால் பாட்டு ஓடியதா? பழையதை எந்தப் பதிப்பில் ஓட்டினாய்? கேளுங்கள். பதில் இல்லையென்றால் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.